ஊரப்பாக்கத்துல வாடகை கம்மி, சரி. மாசச் செலவு?

கேள்வி | 8 ஜூன் 2024

சென்னை வேளச்சேரியில் 2 பெட்ரூம் வீட்டுக்கு 19,000 வாடகை கொடுக்கிறேன். ஜூலையிலிருந்து 21,000 வேணும் என்கிறார் ஓனர். தாம்பரம் தாண்டி ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் இதே அளவு வீடு 12,000-க்குக் கிடைக்கிறதாம். மாசம் 9,000 மிச்சம். அதை வைத்து அங்கேயே ஒரு ஃபிளாட் புக் பண்ணிவிடலாம் என்று இருக்கிறேன். கைக்கு வருவது 62,000. பையன் யூ.கே.ஜி. ஆபீஸ் கிண்டி. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டது, ரயில்வே ஸ்டேஷனும் வரப்போகிறது, இப்போ விட்டால் கிடைக்காது என்கிறார்கள். சரிதானே?

8 ஜூன் 2024, இரவு

தம்பி, நான் ஊரப்பாக்கத்துலதான் குடியிருக்கேன். வாடகை விஷயத்துல நீங்க கேள்விப்பட்டது சரி. ஸ்டேஷன்லேர்ந்து கொஞ்சம் உள்ள தள்ளிப் போனா 11,000-க்கே வீடு இருக்கு. ஆனா அந்த 9,000 மிச்சம் ஏட்டுச் சுரைக்காய். குடிநீர் வாரியமும் மாநகராட்சியும் வேளச்சேரியில செய்ற வேலைல பாதியை இங்க நாமளே காசு கொடுத்து செஞ்சுக்கறோம். தண்ணி, கழிவு, ராத்திரி வண்டி எல்லாத்துக்கும் தனித்தனியா கைல இருந்து போகும். வாடகையை மட்டும் பார்த்துட்டு வராதீங்க.

ஃபிளாட் வாங்குறது வேற கதை. அதை நிதானமா எழுதறேன்.

9 ஜூன் 2024

தண்ணியிலேர்ந்து ஆரம்பிக்கறேன். ஏன்னா வீடு பார்க்க வர்றவங்க யாரும் கேட்கறதில்ல. குழாயைத் திறந்து தண்ணி வருதான்னு பார்த்துட்டுப் போயிடறாங்க.

எங்க அபார்ட்மென்ட்ல 16 வீடு. போர்வெல் இருக்கு. மழைக்காலம் முடிஞ்சு மார்ச் வரைக்கும் கவலையில்ல. ஏப்ரல்ல மோட்டார் போட்டா காத்துதான் வரும். அப்புறம் ஜூலை, ஆகஸ்ட் வரைக்கும் லாரிதான். 12,000 லிட்டர் லாரி இந்த வருஷம் எங்களுக்கு 1,800 ரூபாய். 16 வீட்டுக்கு ஒன்றரை நாள் தாங்கும். மாசம் 20 லோடு, 36,000 ரூபாய். வீட்டுக்கு 2,250. வழக்கமான மெயின்டனன்ஸ் 1,800 தனி. ஆக கோடையில வாடகைக்கு மேல 4,000.

வாடகைக்காரங்கதானே, மெயின்டனன்ஸ் ஓனர் கட்டுவார்னு நினைக்காதீங்க. எங்க பில்டிங்ல எல்லா வாடகைக்காரங்களும் அவங்கவங்கதான் கட்டறாங்க. அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி "கோடையில லாரித் தண்ணிக்கு யார் காசு"ன்னு நேராக் கேட்டுடுங்க.

அடுத்தது உப்பு. போர் தண்ணி குளிக்கவும் துவைக்கவும்தான். பாத்ரூம் குழாய் வாயில வெள்ளையா பொரிஞ்சு கட்டிக்கும். ஷவர்ல ஓட்டை ஒவ்வொண்ணா அடைஞ்சு, கடைசில பக்கவாட்டுல மட்டும் பீச்சும். கழட்டி ராத்திரி முழுக்க வினிகர்ல ஊறப் போட்டு, பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சாத்தான் வழிக்கு வரும். ஷவர் போனாப் பரவால்ல, கீசர் காயிலும் வாஷிங் மெஷினும் இப்படித்தான் போகுது. குடிக்க, சமைக்க கேன் தண்ணி. கேன் 35 ரூபாய். மாடி ஏத்தித் தரணும்னா 40. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாசம் 600 வரைக்கும் ஆகுது.

11 ஜூன் 2024

கூடுவாஞ்சேரிலேர்ந்து ஒரு அக்கா, அவங்க தெருவுல குழாய்த் தண்ணி ஒழுங்கா வருது, நான் பயமுறுத்தறேன்னு சொல்றாங்க. அவங்க சொல்றது உண்மைதான். நந்திவரம்-கூடுவாஞ்சேரி நகராட்சி. தாம்பரம் 2021 நவம்பர்ல மாநகராட்சி ஆயிடுச்சு. நடுவுல இருக்கிற ஊரப்பாக்கம் இன்னும் ஊராட்சி. அடுக்குமாடி மேல அடுக்குமாடி எழும்பியாச்சு, ஆனா அதைப் பார்த்துக்கற அமைப்பு கிராமத்துக்குப் போட்டது. ஊராட்சியில வேலை பார்க்கறவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. இத்தனை ஆயிரம் குடும்பத்துக்கு அந்த ஆள் பலமும் அந்தப் பணமும் எந்த மூலைக்கு?

அதனால ஊர் பேரைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, தெருவைப் பாருங்க. ஒரே ஜி.எஸ்.டி. ரோட்டுல (தாம்பரம் வழியா செங்கல்பட்டு போற நெடுஞ்சாலை) ரெண்டு ஸ்டேஷன் தள்ளினா தண்ணி நிலைமை மாறும்.

15 ஜூன் 2024

சப் மீட்டர், அதாவது ஓனரோட ஒரே கனெக்‌ஷன்லேர்ந்து போர்ஷனுக்குன்னு பிரிச்சு மாட்டற மீட்டர். இது எனக்கு ரொம்ப நாளா நெஞ்சுல குத்தற விஷயம்.

இப்ப இருக்கிற வீட்டுக்கு முன்னாடி ஒரு தனி வீட்டு மாடியில இருந்தோம். ஓனர் யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குவார். ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் ஓடினா 2,400 கொடுக்கணும். அதே 300 யூனிட் என் பேருல தனி சர்வீஸா இருந்தா என்ன வரும்? முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100-க்கு 2.25 வீதம் 225. அதுக்கு அடுத்த 100-க்கு 4.50 வீதம் 450. மொத்தம் 675. வித்தியாசம் 1,725 ரூபாய். அரசு வீட்டுக்கு வீடு 100 யூனிட் இலவசம்னு கொடுக்கறது 2016-லேர்ந்து இருக்கு. சப் மீட்டர்ல இருக்கற குடும்பத்துக்கு அது வந்து சேர்றதே இல்ல. வருமானம் குறைஞ்சவங்கதான் இப்படிப் பிரிச்சுப் பிரிச்சு விட்ட வீட்டுல இருக்காங்க, அவங்களுக்குத்தான் யூனிட் விலை அதிகம்.

வீடு பார்க்கும்போது ஈ.பி. பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்க. போர்ஷனுக்குத் தனி மீட்டர், தனி சர்வீஸ் நம்பர் இருக்கான்னு பாருங்க. இருந்தா வாடகை 500 கூடுதலா இருந்தாலும் அந்த வீடுதான் மலிவு.

16 ஜூன் 2024

நேத்து எழுதினதுக்கு ஒரு ஓனர் கோபமா பதில் போட்டிருக்கார். மூணு போர்ஷனுக்கு ஒரே கனெக்‌ஷன், 500 யூனிட் தாண்டினா ஸ்லாப் எகிறுது, அவர் கைக்காசு போகுதாம். அவர் பக்கத்தையும் போட்டுப் பார்த்துடறேன். மூணு வீடு, தலா 300, மொத்தம் 900 யூனிட். 100 இலவசம். 500 தாண்டினதால 2.25 ரேட் கிடையாது; 400 வரை 4.50, அது 1,350. 500 வரை 6, அது 600. 600 வரை 8, அது 800. 800 வரை 9, அது 1,800. மீதி 100-க்கு 10 வீதம் 1,000. கூட்டினா 5,550. யூனிட்டுக்கு சராசரி 6 ரூபாய் 17 காசு. அதனால "675 மட்டும்தான் தருவேன்"னு சண்டை போடறது நியாயமில்ல. 8 ரூபாய்னு வாங்கறதும் நியாயமில்ல, 7,200 வசூல் ஆகுதே. ரெண்டு பேருக்கும் நல்ல வழி, போர்ஷனுக்குத் தனி சர்வீஸ் வாங்கறதுதான். அதை அவர் செஞ்சா நானே நாலு பேருக்கு அந்த வீட்டைச் சொல்லிவிடறேன்.

22 ஜூன் 2024

போக்குவரத்து. ரயில் இருக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் குடியிருக்கறதுல நியாயம் இருக்கு. சீசன் டிக்கெட் மாதிரி மலிவு வேற எதுவும் கிடையாது. உங்களுக்கு கிண்டியில ஸ்டேஷன் பக்கத்துலயே ஆபீஸ்னா நல்லதாப் போச்சு. ஆனா சென்னை பீச் ஸ்டேஷன்லேர்ந்து வர்ற வண்டியில பாதிக்கு மேல தாம்பரத்தோட நின்னுடும். செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருக்கணும், ஒண்ணு தவறினா அரை மணி நேரம் போச்சு. ராத்திரி பத்துக்கு மேல தாம்பரத்துல இறங்கி ஷேர் ஆட்டோ தேடறவங்களைப் பார்த்தா தெரியும். உள் தெருன்னா ஸ்டேஷன்ல வண்டி நிறுத்த பார்க்கிங் காசு, பெட்ரோல் சேர்த்துக்கோங்க.

பெண்களுக்கு சாதாரணக் கட்டணப் பஸ்ல 2021 மே-லேர்ந்து டிக்கெட் இல்ல. என் மனைவி தாம்பரத்துல வேலைக்குப் போறாங்க. அது எங்க வீட்டுக்கு எவ்வளவு பெரிய உதவின்னு சொல்லி முடியாது. புறநகர்க்காரங்களுக்கு நேரா வந்து சேர்ந்த சலுகை இது ஒண்ணுதான்னு எனக்குத் தோணும்.

ஸ்கூல் வேன் மாசம் 1,500-லேர்ந்து 2,000 வரைக்கும். யூ.கே.ஜி. பையன்னு சொன்னீங்க, நடுவுல ஸ்கூல் மாத்தினா புது அட்மிஷன் ஃபீஸ் ஒண்ணு காத்திருக்கு. வாடகை மிச்சத்துல முதல் வருஷம் அதுக்கே போயிடும்.

30 ஜூன் 2024

ஃபிளாட் வாங்கற விஷயம். தம்பி தனியா ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தார். கட்டிக்கிட்டு இருக்கற 2 பெட்ரூம், 48 லட்சம். அதையே எடுத்துக்கறேன்.

30 லட்சத்துக்கு மேல, 75 லட்சம் வரைக்குமான கடனுக்கு வீட்டு மதிப்புல 80 சதவீதம்தான் பேங்க் கொடுக்கலாம். அது ரிசர்வ் வங்கி விதி. ஆக கடன் 38.4 லட்சம், கைக்காசு 9.6 லட்சம். கட்டி முடிக்காத வீடு, 45 லட்சத்தைத் தாண்டினது, அதனால ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 2.4 லட்சம். பத்திரச் செலவு, புது ஃபிளாட்டோட முதல் விற்பனைக்கு 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 6 சதவீதம். போன டிசம்பர்லேர்ந்து இப்படி. அது 2.88 லட்சம். கூட்டிப் பாருங்க, 14.88 லட்சம் கையில இருக்கணும். கார் பார்க்கிங், ஈ.பி. டெபாசிட், அசோசியேஷன் பணம், கப்போர்டு, ஃபேன், லைட் எதுவும் இதுல இல்ல.

கடனுக்கு 8.75 வட்டி, 20 வருஷம்னா இ.எம்.ஐ. ஏறக்குறைய 34,000. உங்க சம்பளத்துல பாதிக்கு மேல. அதே மாதிரி வீட்டுல 12,000 வாடகைக்கு இருக்கலாம். வருஷ வாடகை 1.44 லட்சம், வீட்டு விலை 48 லட்சம், நூத்துக்கு மூணு ரூபாய். விலையை நியாயப்படுத்தற வாடகை இந்தப் பக்கம் இல்ல, எதிர்காலத்தைச் சொல்லித்தான் விக்கறாங்க.

இன்னொண்ணு யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. கட்டி முடிக்கற வரைக்கும் இங்க வாடகை, அங்க ப்ரீ இ.எம்.ஐ. (வீடு முடியற வரைக்கும் கடனுக்குக் கட்டற வட்டி), ரெண்டும் ஓடும். ஒரு வருஷம் தாமதம் ஆனா ஒரு வருஷத்து வாடகை தண்டம்.

என் கருத்தைக் கேட்டா, இப்ப வாங்காதீங்க. ஸ்டேஷனுக்கு நடக்கற தூரத்துல வாடகைக்கு வீடு எடுங்க. ரெண்டு மழை, ரெண்டு கோடை பாருங்க. வாங்கறதா இருந்தா கட்டி முடிச்சு ஆள் குடியிருக்கற பழைய ஃபிளாட்டா தேடுங்க. பத்திரச் செலவு 9 சதவீதம் வரும், ஆனா ஜி.எஸ்.டி. கிடையாது. எல்லாத்துக்கும் மேல, அங்க குடியிருக்கறவங்க வீட்டுக் கதவைத் தட்டி தண்ணி எப்படின்னு கேட்கலாம்.

1 ஜூலை 2024

"ஸ்டேஷன் வந்தா விலை ஏறிடுமே"ன்னு கேட்கறவங்களுக்கு. ஏறலாம். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30 திறந்தாங்க. அதைக் காரணம் காட்டி எங்க பக்கத்துத் தெருவுல அடுத்த மாசமே வாடகை 1,000 ஏத்தினாங்க. பஸ் நிலையத்துக்கு எதிர்ல ரயில் நிலையம் இன்னும் வேலை நடந்துகிட்டுத்தான் இருக்கு. விமான நிலையத்துலேர்ந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ, 15 கிலோ மீட்டருக்கு மேல, இன்னும் திட்ட அறிக்கைதான். ரெண்டும் வரணும்னு எங்களுக்கெல்லாம் ஆசை. ஆனா வராத ரயிலுக்கு இன்னிக்கு இ.எம்.ஐ. கட்டறது நீங்க, வாடகை ஏறினா வாங்கறது வேற யாரோ.

20 ஜூலை 2024

மின் கட்டணம் ஜூலை 1 முதல் சராசரியா 4.83 சதவீதம் ஏறியிருக்கு. ஜூன்ல நான் போட்ட கணக்கு பழைய கட்டணம், கொஞ்சம் கூட்டிப் படிச்சுக்கோங்க. 100 யூனிட் இலவசம் தொடருது. சப் மீட்டர் வீடுகள்ல 8 ரூபாய் 9 ஆகுதுன்னு ரெண்டு பேர் எழுதியிருக்காங்க. 4.83 சதவீதத்துக்கு 8 ரூபாய் 8.40-தான் ஆகணும். ஓனர்கிட்ட பணிவா இதைக் காகிதத்துல போட்டுக் காட்டுங்க.

18 ஆகஸ்ட் 2024

தம்பி ஸ்டேஷன் பக்கம் வீடு பார்த்துட்டார். வாடகை 13,000, அட்வான்ஸ் 1 லட்சம். கொடுக்கலாமான்னு கேட்கறார்.

2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்துல மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் கூடாது. ஆனா ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிக்கிட்டா செல்லும்னு ஒரு வழியும் அதுலயே விட்டிருக்காங்க. பத்து மாச அட்வான்ஸ்ங்கற சென்னை வழக்கம் அந்த வழியிலதான் உயிரோட இருக்கு. பேசிப் பாருங்க, 60,000-க்கு இறங்கினா நல்லது. இறங்கலைன்னாலும் ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணுங்க, பணத்தை பேங்க் வழியா கொடுங்க.

பெயிண்டிங் பத்தி ஒரு வரி கண்டிப்பா எழுதிக்கோங்க. காலி பண்ணும்போது ஒரு மாச வாடகை பெயிண்டிங்னு பிடிப்பாங்க. எங்களுக்கு அந்த மாடி வீட்டுல அதைப் பிடிச்சாங்க. அடுத்து வந்த குடும்பத்துக்கு சுவத்துல எங்க பையன் கிறுக்கின பென்சில் கோடு அப்படியே இருந்ததாம். அந்த அம்மாவை ரேஷன் கடையில பார்த்தப்ப சொன்னாங்க. 11,000 ரூபாய் எங்களுக்குச் சின்னப் பணம் இல்ல. பெயிண்ட் அடிச்ச பில்லைக் காட்டினா கழிச்சுக்கலாம்னு ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க.

ரேஷன் கார்டு முகவரியையும் உடனே மாத்திடுங்க. இலவச அரிசி, 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு, 25 ரூபாய்க்குப் பாமாயில் எல்லாம் சின்ன விஷயமில்ல. வேளச்சேரி கடைக்கு இங்கேருந்து போய் வாங்கவா முடியும்?

19 அக்டோபர் 2024

மழை ஆரம்பிச்சாச்சு. வீடு தேடறவங்க இந்த மாசமும் அடுத்த மாசமும்தான் தேடணும். அடையாறு ஆதனூர் பக்கத்து ஏரிகள்லேர்ந்துதான் கிளம்புது. அது போற வழியில இருக்கற முடிச்சூர், வரதராஜபுரம் 2015-ல முங்கினது எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறமும் அங்க தண்ணி புகுந்திருக்கு. ஏரிக் கலங்கல் (ஏரி ரொம்பினா தண்ணி வழியற இடம்) எங்க, உபரி நீர் எந்த வழியாப் போகுதுன்னு கேளுங்க. வாடகை அசாதாரணமா கம்மியா இருந்தா, தரைத்தளம்னா, சுவத்துல முட்டி உயரத்துல புதுப் பெயிண்ட் பட்டை இருக்கான்னு பாருங்க.

செப்டிக் டேங்க்கையும் மறந்துடாதீங்க. பாதாளச் சாக்கடை இல்லாத இடத்துல நிலத்தடி நீர் ஏறினா டேங்க் தானா ரொம்பும். கோடையில தண்ணி லாரி வந்த அதே வாசல்ல நவம்பர்ல கழிவு லாரி நிக்கும். அதுக்கும் 16 வீடும் பங்கு போடறோம்.

12 ஜனவரி 2025

ஒருத்தர் லீசுக்கு எடுக்கலாமான்னு கேட்கறார். 7 லட்சம் கொடுத்தா மூணு வருஷம் வாடகையில்லாம இருக்கலாம், பணம் முழுசாத் திரும்பி வரும். கேட்க நல்லாத்தான் இருக்கு. வில்லங்கச் சான்று போட்டு வீட்டு மேல கடன் இருக்கான்னு பாருங்க. கடன் இருந்து ஓனர் கட்டலைன்னா பேங்க் வீட்டுக்கு வரும், உங்க 7 லட்சத்தை அவங்க கண்டுக்க மாட்டாங்க. கையெழுத்துப் போடறவர் நிஜமான ஓனரா, இல்ல வீட்டை வாடகைக்கு எடுத்து லீசுக்கு விடற இடைத்தரகரா? மூலப் பத்திரத்தைப் பார்க்காம, பதிவு பண்ணாம ஒரு ரூபாய் கொடுக்காதீங்க. ரொம்ப வருஷச் சேமிப்பு அது.

20 ஏப்ரல் 2025

நேத்து பீச்–தாம்பரம்–செங்கல்பட்டு ஏ.சி. மின்சார ரயில் விட்டிருக்காங்க. குறைஞ்ச கட்டணம் 35 ரூபாய். வசதிதான், சந்தோஷம். ஆனா எங்களுக்கு வேணுங்கறது தாம்பரத்தோட நிக்காம செங்கல்பட்டு வரைக்கும் போற சாதாரண வண்டி இன்னும் நாலு.

8 ஜூன் 2025

தம்பி எழுதியிருக்கார். ஒரு வருஷக் கணக்கு வச்சிருந்திருக்கார். வேளச்சேரியில புது வாடகை 21,000 ஆகியிருந்தா ஆகியிருக்கற செலவோட ஒப்பிட்டா, சராசரியா மாசம் 3,500 மிச்சமாம். ஸ்டேஷனுக்கு நடந்தே போறதாலதான் அவ்வளவாவது நின்னுதுன்னு சொல்றார். உள் தெருவுல 11,000-க்குப் போயிருந்தா இதுவும் வந்திருக்காதுன்னு நானும் நினைக்கறேன்.

இப்ப ரெப்போ (ரிசர்வ் வங்கி பேங்குகளுக்குக் கடன் கொடுக்கற வட்டி) 6.5-லேர்ந்து 5.5-க்கு இறங்கிடுச்சே, வாங்கலாமான்னு கேட்கறார். அந்த ஒரு சதவீதமும் முழுசா நமக்கு வந்தா 7.75. அதே 38.4 லட்சத்துக்கு இ.எம்.ஐ. 31,500 சுமார். 2,400 ரூபாய் குறையுது. இன்னமும் அந்த 12,000 வாடகையோட ஒப்பிட்டா ரெண்டரை மடங்குக்குக் குறையல. வட்டி இறங்கினது ஏறவும் செய்யும். என் கூட வேலை பார்க்கறவர் 2022 ஆரம்பத்துல 6.7-ல 40 லட்சம் எடுத்தார், இ.எம்.ஐ. 30,300. மறு வருஷம் 9.2 ஆச்சு. 40 லட்சத்துக்கு அந்த வட்டி மட்டுமே மாசம் 30,600-க்கு மேல. கட்டறதெல்லாம் வட்டிக்கே போய், தவணைக் காலம் அவர் ஓய்வு பெறற வயசைத் தாண்டி நீண்டுடுச்சு. வேற வழியில்லாம இ.எம்.ஐ.யை ஏத்திக் கட்டினார்.

வட்டி மாறும்போது இ.எம்.ஐ.யை மாத்தறதா, காலத்தை மாத்தறதான்னு கடன் வாங்கினவரைக் கேட்கணும்னு 2023 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. ஏற்கெனவே கடன் உள்ளவங்க இந்த வாரமே கிளைக்கு எழுதிக் கொடுங்க. இ.எம்.ஐ. அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறைங்கன்னு கேளுங்க. பழைய வட்டி முறையில மாட்டிக்கிட்டிருக்கறவங்க ரெப்போவோட இணைச்ச வட்டிக்கு மாத்திக்க என்ன கட்டணம்னும் சேர்த்துக் கேளுங்க.

தம்பிக்கு: மாடம்பாக்கம் பக்கம் பார்த்ததாச் சொன்ன அந்த ரீசேல் வீட்டோட வில்லங்கச் சான்றையும் யு.டி.எஸ். (நிலத்துல அந்த வீட்டுக்கு வர்ற பிரிபடாத பங்கு) எவ்வளவுங்கறதையும் அனுப்புங்க. 34 லட்சம் சொல்றாங்கன்னா நிலப் பங்கைப் பார்க்காம பேச முடியாது. ஆகஸ்ட் வரைக்கும் அங்க லாரி வருதான்னு வாட்ச்மேன்கிட்ட கேட்டு வைங்க.